தொற்காளுக்கு யாரு தரிசனம் கொடுத்தா?

வாலிபர் முகாம்ல கடைசி செஷன்ல ஒரு பேப்பர் கொடுப்பாங்க, போனவங்களுக்குத் தெரியும். பேரு, வயசு, ஜெப விண்ணப்பம், அதுக்குக் கீழ "என் வாழ்க்கையைக் குறித்த தேவனுடைய நோக்கம்"னு போட்டு ஒரே ஒரு கோடு. பக்கத்துல உக்காந்திருக்கிறவன் சரசரன்னு எழுதுவான், மிஷனரி, பாடல் ஊழியம், மருத்துவ ஊழியம்னு. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்போ அந்த வயசெல்லாம் தாண்டி அந்தப் பேப்பரை நானே பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற இடத்துக்கு வந்தாச்சு, ஆனாலும் அந்தக் கோட்டோட எனக்கு ஒத்துப்போகவே இல்ல. தேவனுக்கு என்மேல ஒரு நோக்கம் இருக்குன்னு நான் முழுசா நம்புறேன், அதுல சந்தேகமே கிடையாது. உறுத்துறது அந்தக் கோட்டோட நீளம்தான். ஒரு மனுஷனோட மொத்த வாழ்க்கையும் ஒரு வரியில அடங்கணும், அது பதினெட்டு வயசுக்குள்ள தெரிஞ்சிருக்கணும், தெரியலன்னா நீ இன்னும் சரியா ஜெபிக்கல. இதை யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல, ஆனா பேப்பரை வாங்கின எல்லாப் பிள்ளைக்கும் இது புரிஞ்சிடுது.

கொஞ்ச நாள் முன்னாடி எங்க குரூப்ல ஒரு தங்கச்சி கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் நின்னுச்சு. படிப்பு முடிஞ்சாச்சு, ஒரு வேலையும் வந்திருக்கு, ஆனா பதில் சொல்லாம தள்ளிக்கிட்டே இருக்கு, ஏன்னா இதுதான் தேவசித்தமான்னு தெரியலயாம். "அண்ணா, எல்லார்கிட்டயும் ஆண்டவர் பேசுறார், சாட்சி சொல்றாங்க. எனக்கு மட்டும் ஒண்ணுமே சொல்லல. ஒருவேளை எனக்குன்னு எதுவும் வைக்கலையோ?" கேட்டுட்டு சிரிக்கப் பார்த்துச்சு, முடியல. நம்மகிட்ட ரெடியா இருக்கிற பதில் எதையும் அந்த முகத்தைப் பார்த்து சொல்ற மாதிரி இல்ல. இந்தக் கட்டுரையை நான் பல தடவை ஆரம்பிச்சு விட்டதுக்கும் இப்போ உக்காந்து எழுதுறதுக்கும் அந்தக் கேள்விதான் காரணம்.

நாம தேடுற விதம்

தேவசித்தத்தைக் கண்டுபிடிக்க நம்ம ஆளுங்க என்னென்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரலை வச்சுப் பார்க்கிறது, உபவாசம் போட்டுட்டு அன்னைக்கு யார் எந்த வசனம் அனுப்புறாங்கன்னு ஃபோனைப் பார்த்துக்கிட்டே இருக்கிறது, தீர்க்கதரிசனம் சொல்றவர் வந்தா முன் வரிசையில போய் உக்கார்றது. இதையெல்லாம் நான் கேலி பண்ணல, பயந்தவங்க பிடிக்கிற கொம்பு இது. ஆனா "கிதியோன் மாதிரி அடையாளம் கேட்டேன்"னு சொல்றவங்களைக் கேட்டா மட்டும் எனக்குக் கை துறுதுறுங்கும். நியாயாதிபதிகள் 6-ஐ ஒரு தடவை நிதானமா வாசிங்க. ஆட்டுத்தோலைப் போட்டு, அதுல மட்டும் பனி இறங்கணும்னு அடையாளம் கேட்டது கிதியோன் தன் வேலையைக் கண்டுபிடிக்கிறதுக்காக இல்ல. மீதியானியர் கையில இருந்து இஸ்ரவேலைக் காப்பாத்துற வேலைன்னு 14-ஆம் வசனத்துலயே சொல்லியாச்சு, "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ"ன்னு. தோலைப் போடும்போது அவரே "தேவரீர் சொன்னபடி"ன்னுதான் ஆரம்பிக்கிறார். ஏற்கெனவே தெளிவாக் கேட்ட ஒரு விஷயத்தை நம்ப முடியாம, பயத்துல, இன்னொரு தடவை உறுதி கேட்கிறார், ஆண்டவரும் பொறுமையா ரெண்டு தடவை செஞ்சு காட்டுறார். அது ஆண்டவரோட இரக்கத்துக்குக் கதை. நோக்கம் கண்டுபிடிக்கிற முறைன்னு அதை எடுத்து வச்சுக்கிட்டா அந்தக் கதைக்கே நாம நியாயம் பண்ணல.

அப்புறம் எரேமியா 29:11. வாக்குத்தத்த அட்டையில, ஸ்டேட்டஸ்ல, பட்டமளிப்பு வாழ்த்துல எல்லாத்துலயும் இந்த வசனம்தான். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே. எனக்கும் ரொம்பப் பிடிச்ச வசனம்தான். ஆனா இது எரேமியா தீர்க்கதரிசி எழுதின ஒரு கடிதத்துல வர்ற வரி, அந்தக் கடிதம் போனது பாபிலோனுக்குச் சிறையா இழுத்துட்டுப் போன ஜனங்களுக்கு. கி.மு. 597-ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேம்ல இருந்து கொண்டு போன கூட்டம் அது. அந்த ஜனங்க கேட்க ஆசைப்பட்ட செய்தி ஒண்ணே ஒண்ணுதான், எப்போ வீட்டுக்குப் போறோம்? அதுக்கு முந்தின அதிகாரத்துலயே ஒருத்தர் அந்தச் செய்தியைச் சொல்லிட்டார், அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி (அப்போஸ்தலர்ல வர்றவர் வேற), தேவாலயத்துல எல்லார் முன்னாடியும் பாபிலோனுக்கு அடங்கித்தான் ஆகணும்னு அடையாளமா எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைச்சுட்டு ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துடும்னு. எரேமியா முதல்ல சொன்னது என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அது நடந்தா சந்தோஷம்தான். ஆனா நடக்கப்போறது அது இல்ல, அந்த அனனியா அந்த வருஷமே செத்தும் போயிட்டார்.

எரேமியா கடிதத்துல எழுதினது எழுபது வருஷம். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட ஒரு நாப்பது வயசுக்காரரை நினைச்சுப் பாருங்க. எழுபதும் நாப்பதும் கூட்டினா அவருக்கு நேரா விளங்கியிருக்கும், நான் திரும்பப் போகப்போறதில்லன்னு. அப்போ "உங்களைப்பற்றி நான் வச்சிருக்கிற நினைவு"ங்கறதுல அந்த மனுஷனோட பங்கு என்ன? அது 5-ல இருந்து 7 வரைக்குமான வசனங்கள்ல இருக்கு, நாம ஸ்டேட்டஸ்ல போடாத பகுதி: வீடு கட்டுங்க, குடியிருங்க, தோட்டம் போடுங்க, கல்யாணம் பண்ணுங்க, பிள்ளைங்களுக்கும் பண்ணி வைங்க, உங்களைச் சிறை பிடிச்சுட்டு வந்த அந்த ஊரோட சமாதானத்தைத் தேடி அதுக்காக ஜெபம் பண்ணுங்க. எதிரியோட ஊருக்காக! அந்த நாப்பது வயசுக்காரர் அன்னைக்கு சாயந்தரம் செய்ய வேண்டியது தோட்டத்துக்கு மண்ணைக் கொத்துறது. பெரிய திட்டம் கர்த்தருடையது, அது எழுபது வருஷ நீளம், அது முடியிறதைப் பார்க்க இவர் உயிரோட இருக்கப்போறதில்ல, இருந்தும் அந்த நினைவுகள் இவர்பேரிலயும்தான்னு அதே கடிதம் சொல்லுது. எனக்கு இது அட்டையில அச்சடிச்ச ஒத்தை வரியை விடப் பல மடங்கு ஆறுதலா இருக்கு, ஆனா இதை அட்டையில அச்சடிச்சா யாரும் வாங்க மாட்டாங்கன்னும் தெரியும்.

ஒன்பதாம் அதிகாரத்தைக் கடைசிவரைக்கும் வாசிச்ச அன்னைக்கு

எங்க வீட்டு ஜெபக்கூட்டத்துல ஒரு நாள் செய்தி கொடுக்க வேண்டியவர் வர லேட்டாச்சு. அதுவரைக்கும் ஒரு அதிகாரம் வாசிச்சுக்கிட்டு இருங்கன்னு சொல்லிட்டாங்க, என் கையில அப்போஸ்தலர் 9 வந்துச்சு. எத்தனையோ பிரசங்கம் கேட்ட அதிகாரம், சவுல், தமஸ்கு ரோடு, வெளிச்சம், "சவுலே சவுலே". வழக்கமா நாம 20-ஆம் வசனத்தோட நிறுத்திடுவோம், இல்ல கூடையில வச்சு மதில் வழியா இறக்கிவிட்டதோட நிறுத்துவோம். அவர் இன்னும் வரல, அதனால நான் வாசிச்சுக்கிட்டே போனேன். லித்தாவுல எட்டு வருஷம் கட்டில்ல கிடந்த ஐனேயா, அவன்கிட்ட பேதுரு சொல்றது, எழுந்திரு, உன் படுக்கையை நீயே போட்டுக்கோ. அப்புறம் யோப்பாவுல தபீத்தாள்ங்கற தொற்காள், வியாதிப்பட்டு செத்துட்டா, குளிப்பாட்டி மேல்வீட்டுல கிடத்தியிருக்காங்க, பேதுருவைக் கூப்பிட ரெண்டு பேர் ஓடுறாங்க. அவர் வந்து மாடிக்கு ஏறினா விதவைங்க எல்லாரும் அழுதுக்கிட்டே அவரைச் சூழ்ந்து நின்னு, அவ உயிரோட இருக்கும்போது தைச்சுக் கொடுத்த அங்கிகளையும் துணிகளையும் எடுத்து எடுத்துக் காட்டுறாங்க.

அந்த இடத்துல ஒரு பாட்டி குறுக்கிட்டாங்க. கண்ணு தெரியாததால அவங்களுக்கு யாராவது வாசிச்சாத்தான் உண்டு, அதனால நாம கவனிக்காததையெல்லாம் கவனிப்பாங்க. "தம்பி, இவளுக்கு யாரு தரிசனம் கொடுத்தா?"

"யாருக்குப் பாட்டி?"

"இந்தத் தையக்காரிக்குத்தான். முன்னாடி அவனுக்கு வெளிச்சம் வந்துச்சு. அந்த அனனியாவுக்குக்கூட தெருப் பேரோட சொன்னாரு. இவளுக்கு யாரு வந்து தைக்கச் சொன்னா?"

நான் மறுபடியும் 36-ஆம் வசனத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. யோப்பாவுல ஒரு சீஷி இருந்தா, நற்கிரியைகளும் தருமங்களும் மிகுதியாச் செஞ்சுக்கிட்டு வந்தா, அவ்வளவுதான். தூதன் இல்ல, சொப்பனம் இல்ல, அழைப்பு இல்ல. "யாரும் சொன்னதா எழுதல பாட்டி"ன்னேன். அப்போ கதவோரமா உக்காந்திருந்த ஒரு அக்கா, தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவங்க, சர்வ சாதாரணமா சொன்னாங்க: "சொல்லணுமா என்ன? தைக்கத் தெரிஞ்சவளுக்கு எதிர்ல வர்றவங்க போட்டிருக்கிற துணிதான் முதல்ல கண்ணுல படும்." அதுக்குள்ள செய்தி கொடுக்கிறவர் வந்துட்டார், நாங்க பாட்டு எடுத்தோம், அவர் என்ன பேசினார்ங்கறது எனக்கு சுத்தமா ஞாபகம் இல்ல.

அன்னைக்கு ராத்திரி அதே அதிகாரத்தை எடுத்து வச்சு உக்காந்தேன். ஒரே அதிகாரம். தொடக்கத்துல, பைபிள்லயே பெரிய அழைப்புகள்ல ஒண்ணு. முடிவுல, அழைப்பே இல்லாத ஒரு பொம்பளை. லூக்கா ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றார். பேதுரு மாதிரி ஒருத்தர் ஓடி வந்து முழங்கால் போட்டு எழுப்பினது அந்த ரெண்டாவது ஆளைத்தான், அவளால யோப்பா முழுக்க அநேகர் விசுவாசிச்சாங்கன்னும் போட்டிருக்கு. சவுல் கதையையும் இப்போ கொஞ்சம் வேற மாதிரி வாசிச்சேன். நாம நினைக்கிற மாதிரி ரோட்டுல விழுந்தவுடனே இந்த அதிகாரத்துல அவருக்கு வாழ்க்கைத் திட்டம் கிடைக்கல. கிடைச்சது, "நீ எழுந்து பட்டணத்துக்குள்ளே போ, நீ செய்யவேண்டியது அங்கே உனக்குச் சொல்லப்படும்." அடுத்த அடி மட்டும். அப்புறம் மூணு நாள் கண்ணு தெரியாம உக்காந்திருக்கார். புறஜாதிகள், ராஜாக்கள், இஸ்ரவேல் புத்திரர்னு பெரிய திட்டத்தை ஆண்டவர் விளக்குறது சவுல்கிட்ட இல்ல, அவரைப் பார்க்க அனுப்பின தமஸ்கு சீஷன் அனனியாகிட்ட. (26-ஆம் அதிகாரத்துல அகிரிப்பா ராஜா முன்னாடி பவுல், அதாவது இதே சவுல், சொல்லும்போது வழியிலயே ஆண்டவர் சொன்ன மாதிரி வருது, அதையும் மறக்கல.) அதுக்கப்புறமும் உடனே மிஷனரி பயணம் இல்ல, அரபி தேசம், தமஸ்கு, எருசலேம்ல யாரும் நம்பல, கடைசியில சொந்த ஊரான தர்சுவுக்கு அனுப்பிட்டாங்க. பர்னபா தேடிப் போய்க் கூட்டிட்டு வர்ற வரைக்கும் அங்கதான். அப்போஸ்தலர் 13-ல கை வச்சு அனுப்புறதுக்குள்ள பத்து வருஷத்துக்கு மேல ஓடியிருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் பொதுவா கணக்குப் போடுறாங்க. அந்த இடைப்பட்ட காலத்துல பவுல் முகாமுக்குப் போயிருந்தா கோட்டுல என்ன எழுதியிருப்பார்னு தெரியல.

யாரும் கேட்டு வாங்கல

இன்னொண்ணும் அப்போதான் உறைச்சது. பைபிள்ல பெரிய அழைப்பு வந்தவங்க யாராவது, என் வாழ்க்கையோட நோக்கம் என்னன்னு தேடிக்கிட்டு இருந்தாங்களா? மோசே மாமனாரோட ஆட்டை மேய்ச்சுக்கிட்டிருந்தார், அழைப்பு வந்ததும் வேற யாரையாவது அனுப்புங்கன்னு சொல்லிப் பார்த்தார். கிதியோன் மீதியானியருக்குப் பயந்து ஒளிச்சு கோதுமை போரடிச்சுக்கிட்டிருந்தார். எரேமியா, நான் சிறுபிள்ளை, எனக்குப் பேசத் தெரியாதுன்னார். யோனா கப்பல் ஏறினார், எதிர்த் திசையில. சவுல் போய்க்கிட்டிருந்தது விசுவாசிகளைக் கட்டி இழுத்து வர. "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்"னு முன்வந்த ஏசாயாகூட தரிசனம் பார்த்தப்புறம்தான் அப்படிச் சொன்னார், அதுக்கு முந்தி "ஐயோ அதமானேன்"தான். ஒருத்தரும் தேடிக் கண்டுபிடிக்கல, எல்லாரையும் ஆண்டவரே தேடிப் பிடிச்சார். அப்படின்னா அவர் யாருக்காவது குறிப்பா ஒரு வேலை கொடுக்கணும்னா அதை அவங்க காதுல விழ வைக்கிறது அவரோட பொறுப்பு, முட்செடியை எரிய வச்சாவது, மீனை அனுப்பியாவது செஞ்சுக்குவார். நாம என்னமோ விடைத்தாள் மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கோம், ஒரே ஒரு சரியான விடை, அதை அவர் வேற ஒளிச்சு வச்சுட்டார், நேரம் முடியிறதுக்குள்ள நாம எழுதணும். இப்படி ஒரு ஆண்டவரை வேதத்துல எனக்குத் தெரியாது.

ஒளிக்காம நேராச் சொன்னதும் இருக்கு. "நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தம்"னு தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதுறார், அதே நிருபத்துல எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்றதுதான் உங்களைக்குறித்து தேவசித்தம்னும் எழுதுறார். மீகா 6:8, நியாயம் செய், இரக்கத்தைச் சிநேகி, மனத்தாழ்மையா நட. இதையெல்லாம் சொன்னா பிள்ளைங்க முகம் வாடிடும், "அது எல்லாருக்கும் பொதுவானது அண்ணா, எனக்குன்னு என்ன?" அந்த "எனக்குன்னு"வைத்தான் நான் கொஞ்சம் சந்தேகமாப் பார்க்கிறேன். பேதுருவுக்கும் அது இருந்துச்சு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவர்கிட்ட அவ்வளவு பேசினப்புறமும் திரும்பிப் பார்த்து யோவானைக் காட்டி "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?"ன்னார். வந்த பதில் கொஞ்சம் சூடு, "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா."

வீட்டுக்குப் போன்னு சொன்னதும் அழைப்புதான்

மாற்கு 5-ல லேகியோன்ங்கற பிசாசுக் கூட்டம் பிடிச்சு கல்லறையில கிடந்த மனுஷன் கதையில மூணு பேர் இயேசுகிட்ட வேண்டிக்கிறாங்க. பிசாசுங்க, எங்களைப் பன்றிக்குள்ள அனுப்புங்கன்னு வேண்டுது, அனுமதி கிடைச்சது. ஊர்க்காரங்க, எங்க எல்லையை விட்டுப் போயிடுங்கன்னு வேண்டுறாங்க, அவரும் படகு ஏறிட்டார். சுகமான மனுஷன், உம்மோடகூட வர்றேன்னு கெஞ்சுறான், அவனுக்கு மட்டும் கிடைக்கல. முழுநேர ஊழியத்துக்கு இவ்வளவு தகுதியான சாட்சி வேற யார்கிட்ட இருக்கும்? ஆனா அவனுக்குச் சொன்னது, உன் வீட்டுக்குப் போ, உன் இனத்தார்கிட்ட சொல்லு. அவன் தெக்கப்போலி நாடு முழுக்கச் சொன்னான். கல்லறையில கிடந்தவனுக்கு வீடுங்கறதுதான் ரொம்ப தூரமான மிஷன் களமா இருந்திருக்கும்னு எனக்குத் தோணும்.

இந்த இடத்துல சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கின மார்ட்டின் லூத்தரைப் பத்தி சொல்லாம இருக்க முடியல, ஏன்னா அடையாளத்தை நம்பிப் போனதுல அவரை மிஞ்ச ஆள் இல்ல. 1505 ஜூலையில எர்ஃபர்ட்ல சட்டம் படிச்சுக்கிட்டிருந்த பையன், வழியில பக்கத்துலயே இடி விழுந்ததும் பயந்து போய், பரிசுத்த அன்னாளே காப்பாத்து, நான் துறவியாகுறேன்னு கத்திட்டார், அதே மாசம் மடத்துலயும் சேர்ந்துட்டார். நம்ம சாட்சி நேரத்துல சொன்னா கை தட்டுவாங்க. அவர் அப்பாவுக்கு மட்டும் பிடிக்கல, 1507-ல மகன் முதல் பூசை வச்ச அன்னைக்கே, அந்த இடி பிசாசோட மாயையா இல்லாம இருந்தாச் சரின்னு சொல்லிட்டாராம். அதே லூத்தர்தான் 1520-ல ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதினப்போ, செருப்பு தைக்கிறவன், கொல்லன், விவசாயி எல்லாரும் அவங்கவங்க வேலையைச் செஞ்சுக்கிட்டே குருமாருக்குச் சமமாப் பிரதிஷ்டை பண்ணப்பட்டவங்கதான்னு எழுதினார். 1521-ல துறவற விரதங்களுக்கு எதிரா எழுதின புத்தகத்தை அப்பாவுக்கே சமர்ப்பணம் பண்ணினார், 1525-ல முன்னாள் கன்னியாஸ்திரி ஒருத்தரைக் கல்யாணமும் பண்ணிக்கிட்டார். அந்த இடி ஆண்டவர்கிட்ட இருந்து வந்ததா இல்லையான்னு நான் தீர்ப்பு சொல்லல. அது அவரைக் கொண்டு போய் விட்ட மடத்துல உக்காந்து பைபிள் வாசிச்சுத்தான் மடத்துக்குள்ள இருக்கிறது வெளியில இருக்கிறதை விட உசத்தி இல்லன்னு கண்டுபிடிச்சார், அதைத்தான் என்னால தள்ள முடியல.

அப்போ வேலை, கல்யாணம் இதெல்லாம் எப்படி முடிவு பண்றதுன்னு கேட்பீங்க. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் பவுல் இதுல நம்மளை விட ரொம்ப ஃப்ரீயா இருந்தார். விதவை மறுமணம் பண்ணணும்னா கர்த்தருக்குட்பட்டவன் எவனா இருந்தாலும் தன் இஷ்டப்படி பண்ணிக்கலாம்னு 1 கொரிந்தியர் 7-ல எழுதுறார், கர்த்தர் ஒரே ஒருத்தனைக் குறிச்சு வச்சிருக்கார் தேடுன்னு எழுதல. அப்போஸ்தலர் 16-ல ஆசியாவுல பேச ஆவியானவர் விடல, பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறாங்க, அங்கயும் விடல, துரோவாவுக்கு இறங்கி வந்தப்புறம்தான் மக்கெதோனியா தரிசனம். நடந்துக்கிட்டே இருந்தவங்களைத்தான் திருப்பி விட்டார், உக்காந்து காத்திருந்தவங்களை இல்ல. தரிசனத்துல "வந்து உதவி செய்"னு நின்னது ஒரு ஆண், பிலிப்பிக்குப் போனா ஆத்தங்கரையில ஜெபத்துக்குக் கூடியிருந்தது பெண்கள், முதல்ல விசுவாசிச்சது இரத்தாம்பரம் விக்கிற லீதியாள், அப்புறம் அடி, ஜெயில். தெளிவான தரிசனம் கிடைச்சவங்களுக்கே இப்படி! அந்தத் தங்கச்சிகிட்ட கடைசியில நான் சொன்னதும் இதுதான், அந்த வேலையில பாவம் இல்லன்னா, உனக்கு அது வரும்னா, உன்னை நல்லாத் தெரிஞ்ச பெரியவங்க வேண்டாம்னு சொல்லலன்னா, சேர்ந்துடும்மா, தப்பான ரோடுன்னா தடுக்கிறதுக்கு அவருக்குத் தெரியும். சேர்ந்துடுச்சு. நல்லாப் போகுதா இல்லையாங்கறது இப்போ சொல்ற விஷயம் இல்ல.

செய்யவே முடியாதவங்க

அந்தப் பாட்டி இன்னொரு நாள் சொன்னதைச் சொல்லணும். "என்னை எதுக்குத்தான் இன்னும் வச்சிருக்காரோ தெரியல தம்பி." வயசானவங்க எல்லாரும் சொல்றதுதான், நாமளும் "அப்படியெல்லாம் பேசாதீங்க பாட்டி"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். ஆனா யோசிச்சா இது முகாம் பேப்பர்ல இருக்கிற அதே கேள்விதானே. பதினெட்டு வயசுல நான் என்ன செய்யப்போறேன்னு கேட்கிறோம், எம்பது வயசுல இனி என்ன செய்ய முடியும்னு கேட்கிறோம். நோக்கம்னாலே ஏதோ ஒண்ணைச் செஞ்சு முடிக்கிறதுன்னு சொல்லிச் சொல்லியே பழக்கிட்டோம், அதனால கட்டில்ல கிடக்கிறவங்களுக்கும், ஞாபகம் போனவங்களுக்கும், பிறந்ததுல இருந்தே பேச்சு வராத பிள்ளைக்கும் நம்மகிட்ட சொல்ல எதுவும் இல்லாம போயிடுது. 1647-ல எழுதி முடிச்ச வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையில 107 கேள்வி இருக்கு, முதல் கேள்வியே மனுஷனோட பிரதான நோக்கம் என்னங்கறதுதான். பதில், தேவனை மகிமைப்படுத்துறதும் என்றென்றைக்கும் அவரில் களிகூருறதும். நான் அந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவன் இல்ல, அந்த வினாவிடையில நான் சண்டை போடுற இடங்களும் இருக்கு. ஆனா இந்தப் பதில்ல தொழிலே இல்ல, ஊழியத்தோட பேரும் இல்ல. பாட்டிக்கு இதைச் சொன்னேன். "களிகூருறதுன்னா பாட்டுப் பாடலாம்ல"ன்னாங்க. அவங்க குரல் எங்க சபையில பிரசித்தம், சுருதி எங்க போகும்னு யாருக்கும் தெரியாது, ஆனா எல்லாப் பாட்டும் எல்லாச் சரணமும் மனப்பாடம்.

இதை எழுதி முடிச்சதும் முழுநேர ஊழியத்துல இருக்கிற ஒரு அண்ணனுக்கு அனுப்பினேன். அவருக்குப் பாதி பிடிச்சது, பாதி பிடிக்கல. "நீ சொல்றது சரிதாண்டா, ஆனா அழைப்பு எதுக்குன்னு உனக்குத் தெரியல. எல்லாம் நல்லாப் போகும்போது அது தேவையில்ல. விட்டுட்டு ஓடிடலாம்னு இருக்கும்போதுதான் அது பிடிச்சு நிறுத்தும்"னு சொல்லி எரேமியா 20-ஐ எடுத்தார், இனி அவர் பேரையே எடுக்க மாட்டேன்னு எரேமியா முடிவு பண்ணினப்போ எலும்புகள்ல அடைபட்டு எரிகிற அக்கினி மாதிரி இருந்துச்சுன்னு சொல்ற இடம். அவரும் அப்படி ஓடிடலாம்னு நினைச்ச காலம் உண்டுன்னு எனக்குத் தெரியும், அதனால வாதாடல. யோசிச்சுப் பார்த்தா வேதத்துல பெரிய அழைப்பு வந்ததெல்லாம் ஒடைஞ்சு போற அளவுக்கு வேலை காத்திருந்தவங்களுக்குத்தான், சவுலுக்கும் "எவ்வளவாய்ப் பாடுபடவேண்டும்"னு சேர்த்தேதான் வந்துச்சு. அது வரலன்னு அழுறவங்க எதுக்கு அழுறாங்கன்னு இப்போ எனக்குக் கொஞ்சம் குழப்பமாவே இருக்கு. ஆனா அண்ணன் ஒரு இடத்துல மட்டும் விட்டுக்கொடுக்கல. "இப்படியே எல்லாரும் எழுதினா கஷ்டமான இடத்துக்கு ஒருத்தனும் கிளம்ப மாட்டான். நாளைக்கு நிஜமாவே ஒரு பிள்ளைக்கு அழைப்பு வந்து நின்னா, இந்தக் கட்டுரையைக் காட்டி வீட்டுலயே இருக்கச் சொல்லிடாத." சொல்ல மாட்டேன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியல.